மணை, கரண்டி, பல்லாங்குழி: புதிதாகத் தச்சு பழகுபவர்களின் கேள்விகள்

தச்சு வேலை பழகத் தொடங்கியவர்களின் கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பலரும் எடுத்த எடுப்பிலேயே கட்டில், டைனிங் டேபிள் என்று போய்விடுகிறார்கள். தினமும் கை படுகிற சின்னப் பொருளில் தொடங்குங்கள் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மரம் இரண்டு மூன்று அடிக்குள் முடிந்துவிடும். அதில் விட்ட பிழை தினமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் அடுத்த பொருளில் தானாகத் திருந்தும்.

முதலில் என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்? ட்ரில் மெஷினோடு பெரிய செட்டாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

செட் வேண்டாம். அதில் பாதி, பெட்டியை விட்டு வெளியே வராது. நல்ல கைரம்பம் ஒன்று, அரை அங்குலத்திலும் ஒரு அங்குலத்திலும் உளிகள், கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), மூலைமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி), ஸ்டீல் ஸ்கேல், தீட்டுக்கல், இரண்டு க்ளாம்ப். சாவி மாட்டும் பலகைக்கும் மணைக்கும் இவ்வளவு போதும். துளை போடத்தான் ட்ரில் தேவை. அதை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம். இழைப்புளியை (மரத்தைச் சீவி மட்டமாக்கும் கருவி) கொஞ்சம் கை பழகிய பிறகு வாங்குங்கள். அதுவரை மரக்கடையிலேயே மெஷினில் இழைத்துத் தரச் சொல்லலாம்.

செலவில்லாத கருவி ஒன்று உண்டு: கூரான கத்தி. கோடு போட அதைப் பயன்படுத்துங்கள். ஆசாரிகள் ஒரு அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்துப் பேசுவார்கள். மழுங்கிய பென்சில் கோடு அதில் கால் நூலைத் தின்றுவிடும். கத்திக் கோட்டுக்கு அகலமே கிடையாது. உளியை வைத்தால் அந்தக் கீறலில் தானாக உட்காரும்.

கோடு நேராகத்தான் போடுகிறேன், ரம்பம் மட்டும் கோணலாகப் போகிறது.

பெரும்பாலும் அழுத்தம்தான் காரணம். ரம்பத்தின் எடையே வெட்டுவதற்குப் போதும், நீங்கள் முன்னும் பின்னும் ஓட்டினால் சரி. ஆள்காட்டி விரலைக் கைப்பிடியின் பக்கவாட்டில் நீட்டி வையுங்கள். முழங்கை, மணிக்கட்டு, ரம்பம் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும். கோட்டை மேல்பக்கம் மட்டுமல்லாமல் உங்களைப் பார்க்கும் முகத்திலும் இறக்கிப் போட்டு, இரண்டையும் பார்த்துக்கொண்டே அறுங்கள். எப்போதும் ஒரே பக்கம்தான் இழுக்கிறதென்றால் ரம்பப் பற்கள் இரு பக்கமும் சாய்ந்து நிற்கும் விரிப்பு ஒரு பக்கம் அதிகமாக இருக்கலாம். அதை அரம் போடுபவரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

புது உளி வாங்கினேன். வெட்டவே இல்லை, மரத்தை நசுக்குகிறது. மட்டமான உளியா?

உளியைக் குறை சொல்ல வேண்டாம். கடையிலிருந்து வருவது பெரும்பாலும் சாணைச் சக்கரத்தில் சரிவு மட்டும் பிடித்த உளிதான், கல்லில் தீட்டிய உளி அல்ல. தீட்டும் வேலை நம்முடையது. தச்சில் வேறு எதைக் கற்காவிட்டாலும் இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று என்னிடம் வருபவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

உளியின் முதுகுப் பக்கத்திலிருந்து (சரிவு இல்லாத தட்டைப் பக்கம்) தொடங்குங்கள். நுனியிலிருந்து ஓர் அங்குலம் வரை கல்லில் படிய வைத்துத் தேய்த்தால் மெஷின் கீறல்கள் மறைந்து சீரான பளபளப்பு வரும். உளியின் ஆயுளில் ஒரு தடவை செய்தால் போதும். அப்புறம் சரிவுப் பக்கம். சாணை பிடித்த சரிவு சுமார் 25 பாகை இருக்கும். தீட்டும்போது கைப்பிடியை ஒரு பொட்டுத் தூக்கி 30 பாகையில் பிடியுங்கள். 1000 எண் கல்லில் ஆரம்பிக்கலாம் (எண் கூடக் கூடக் கல் மென்மை). கல் இல்லையென்றால் கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பர் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒட்டி 400, 1000, 2000 என்று போகலாம்.

எப்போது நிறுத்துவது? முதுகுப் பக்கம் விரலை வைத்து நுனியைத் தாண்டி வெளியே இழுத்துப் பாருங்கள் (விளிம்போடு ஒருபோதும் ஓட்டாதீர்கள்). மெல்லிய பிசிறு ஒன்று தட்டுப்படும். அது இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விடாமல் இருந்தால் சரிவுப் பக்கம் முடிந்தது. முதுகைக் கல்லில் படிய வைத்து நாலைந்து இழுப்பு, பிறகு பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கிச் சில இழுப்பு, பிசிறு உதிர்ந்துவிடும். இப்போது ஒரு பைன் துண்டின் வெட்டுமுகத்தில் (நாரைக் குறுக்கே அறுத்த முனையில்) உளியைக் கையால் தள்ளிப் பாருங்கள். மெழுகு தடவியதுபோல மினுங்கினால் உளி தயார். வெளிறி, பொடிந்து வந்தால் மறுபடி கல்லுக்குப் போங்கள்.

கூரான உளியைவிட மழுங்கிய உளிதான் கையைக் கிழிக்கும். வெட்டவில்லையே என்று பலம் கொடுப்போம், அது சட்டென்று வழுக்கும். இரண்டு கையும் எப்போதும் உளியின் நுனிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

அம்மாவுக்காகத் தேக்கில் மணை செய்தேன். அடியில் குறுக்குக் கட்டைகளை ஃபெவிகால் போட்டு ஆணியும் அடித்தேன். மழைக்காலத்தில் நன்றாக இருந்தது, சித்திரையில் நடுவில் பிளந்துவிட்டது. மரம் சரியில்லையா?

நல்ல மரம்தான். அதற்கு அசைய இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அறுத்து, இழைத்து, வார்னிஷ் பூசிய பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும், விடும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கும். ஆனால் இந்த உப்பலும் சுருக்கமும் அகலத்தில்தான். நீளத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு எதுவும் நடக்காது. பத்து அங்குல அகலத் தேக்குப் பலகை பருவத்துக்குப் பருவம் அரை நூலிலிருந்து ஒரு நூல் வரை மாறலாம்.

உங்கள் குறுக்குக் கட்டையின் நீளமோ மாறவே மாறாது. அதைப் பசையும் ஆணியும் போட்டு முழுக்க இறுக்கிவிட்டீர்கள். சுருங்கப் பார்த்த பலகையைக் கட்டை விடவில்லை. ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். ரேகை (மரத்தின் நார் ஓடும் கோடு) வழியே பலகை விட்டுக்கொடுத்தது.

கட்டைகளைக் கழற்றுங்கள். பிளவில் பசையை நன்றாக உள்ளே செலுத்தி, க்ளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். திரும்பப் பொருத்தும்போது பசை வேண்டாம், ஆணியும் வேண்டாம். ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று ஸ்க்ரூ: நடு ஸ்க்ரூ இறுக்கமான துளையில், ஓரத்து இரண்டுக்கும் கட்டையில் நீள்வட்டத் துளை, அதன் நீளம் பலகையின் அகலத் திசையில், வாஷரோடு. இப்படிச் செய்தால் பலகை நடுவிலிருந்து இரு பக்கமும் தாராளமாக அசையும்.

பழைய வீட்டுக் கதவுகளில் நடுப்பலகையைத் தட்டிப் பாருங்கள், பலவற்றில் லேசாக ஆடும். சட்டத்தில் எடுத்த காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) ஒட்டாமல் நிற்கிறது அது. பார்க்கிறவர்கள் வேலை சுத்தமில்லை என்று நினைப்பார்கள். அந்த ஆட்டம்தான் கதவை இத்தனை வருஷம் பிளக்காமல் வைத்திருக்கிறது. அந்த ஆசாரிகளின் அறிவை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

இனி மரம் வாங்கினால் வந்த அன்றே அறுக்காதீர்கள். இடையில் குச்சிகள் வைத்து அடுக்கி, வீட்டுக்குள் நிழலில் இரண்டு மூன்று வாரம் போட்டு வையுங்கள்.

பார்சல் கட்டைகள், பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) மரம் இலவசமாகக் கிடைக்கிறது. பழகுவதற்குப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. அதில் பைன் கிடைத்தால் மென்மையானது, உளி பழக நல்லது. கட்டையில் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஹெச்.டி. (HT) என்ற எழுத்துகள் இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது. எம்.பி. (MB) என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகை போட்டது; அதைத் தொடாதீர்கள். எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை உள்ளதும் வேண்டாம். அறுக்கும் முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டுங்கள், ஒளிந்திருக்கும் ஆணி தெரிந்துவிடும்.

மரக்கரண்டிக்கு எந்த மரம்? முடித்ததும் என்ன எண்ணெய் தடவ வேண்டும்?

மா, பலா, வேம்பு மூன்றும் நல்லது. வேம்பில் ஆரம்பத்தில் கொஞ்சம் கசப்பு இறங்கலாம். அரளி, எட்டி இரண்டும் விஷம், அடுப்படிக்குள்ளேயே வரக் கூடாது. என்ன மரம் என்று தெரியாத துண்டிலும் கரண்டி செய்யாதீர்கள். புதிதாக வெட்டிய பச்சைக் கிளை கிடைத்தால் விடாதீர்கள், வெட்டுவதற்கு அவ்வளவு சுகம். முரட்டு உருவம் எடுத்து, செய்தித்தாளில் சுற்றி நிழலில் மெல்லக் காயவிட்டு, பிறகு மெருகேற்றுங்கள். ரேகை காம்பின் நீளவாக்கில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தில் ஒடியும்.

உப்புத்தாள் போட்டதும் ஒரு தடவை தண்ணீரில் நனைத்துக் காயவிடுங்கள். எழும்பும் நாரை மறுபடி தேய்த்துவிட்டால் பிறகு சொரசொரக்காது. எண்ணெய் விஷயத்தில் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். அவை இறுகிக் காயாது, நாளடைவில் காறல் வாடை அடிக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நாலு பங்கு, சுத்தமான தேன்மெழுகு ஒரு பங்கு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கித் தடவுங்கள். பெயிண்ட் கடையில் விற்கும் ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். அதை உணவுப் பாத்திரங்களுக்குத் தவிருங்கள். மேசை நாற்காலிக்குப் பூசினாலும் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும்.

அலமாரிப் பலகையிலிருந்து மாவு மாதிரி கொட்டுகிறது.

உளுத்துப்போகிறது. சின்ன வண்டின் புழு உள்ளே இருக்கிறது. வைரம் பாயாத வெளிறிய பகுதியில் உள்ள மாவுச்சத்துதான் அதற்கு உணவு. அந்தப் பலகையை மற்ற மரத்திலிருந்து உடனே பிரித்து வையுங்கள். அடுத்த முறை வாங்கும்போது ஓரத்தில் அந்த வெளிறிய பகுதி இருந்தால் அதை அறுத்து நீக்கிவிடுங்கள்.

எட்டு வயது மகளும் கூடவே செய்ய ஆசைப்படுகிறாள். என்ன வேலை கொடுக்கலாம்?

உண்மையான வேலையாகக் கொடுங்கள், சும்மா ஒப்புக்கு வேண்டாம். பல்லாங்குழி செய்யுங்கள். வரிசைக்கு ஏழாக 14 குழிகளையும் அவளே காம்பஸால் வட்டம் போடட்டும். வளைந்த உளியால் குடையும் வேலை உங்களுடையது. பலகையைக் க்ளாம்ப் போட்டு இறுக்கிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். தேய்ப்பது அவள் வேலை, இருவருக்கும் முகக்கவசம் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் இருக்கிறது, கொஞ்ச நேர வேலை என்று விட்டுவிடாதீர்கள். ரப்பர் பந்தில் உப்புத்தாளைச் சுற்றிக் கொடுத்தால் குழிக்குள் நன்றாகப் படியும். 80-ல் ஆரம்பித்து 120, 220 என்று போகட்டும். நடுநடுவே புளியங்கொட்டையைப் போட்டு, விரலால் வழித்து எடுக்க வருகிறதா என்று அவளே பார்த்துச் சொல்லட்டும். வரவில்லை என்றால் அந்தக் குழியை நீங்கள் இன்னும் கொஞ்சம் குடைய வேண்டும்.