சீரிஸா, பேரலலா? பேட்டரிக் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். இணைப்பு பற்றி வந்த சில கேள்விகளுக்கு என் பதில்கள். சீரிஸ் என்றால் ஒன்றின் பிளஸை அடுத்ததன் மைனஸோடு இணைப்பது, வோல்ட் கூடும். பேரலல் என்றால் பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ், வோல்ட் மாறாது.

தேவகோட்டை அன்பர்: அண்ணே, மலேசியாவில் இருக்கும் என் மச்சான் இரண்டு 18650 பேட்டரி (உருளை வடிவ லித்தியம் பேட்டரி) போடும் வேப் (மின்-சிகரெட்) வைத்திருக்கிறார். சீரிஸ், பேரலல், எது பத்திரம்?

தம்பி, ஊருக்கு வரும்போது அதைக் கொண்டுவர வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். 2019 மின்-சிகரெட் தடைச் சட்டப்படி இந்தியாவில் அதன் விற்பனையும் இறக்குமதியும் தடை. வாட்டைக் கட்டுப்படுத்தும் சிப் உள்ள கருவியில் 80 வாட் வைத்தால், எப்படி இணைத்தாலும் ஒரு பேட்டரியின் பங்கு 40 வாட்தான். ஏறக்குறைய 12 ஆம்பியர். சிப் இல்லாததில்தான் ஆபத்து. சூடாகும் கம்பிச் சுருள் (காயில்) 0.5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரலலில் 4.2 வோல்ட், 8.4 ஆம்பியர், அதை இரண்டும் பாதிப் பாதியாகச் சுமக்கும். சீரிஸில் 8.4 வோல்ட், 16.8 ஆம்பியர். அந்த முழுச் சுமையும் ஒவ்வொரு பேட்டரி வழியாகவும் ஓடும். நான்கு மடங்கு! சிப் இல்லாமல் சீரிஸ் வேண்டவே வேண்டாம்.

கானாடுகாத்தான் அன்பர்: அப்போ பேரலல் என்றால் பயமில்லையா?

இருக்கிறது. ஒன்று 4.2 வோல்ட், இன்னொன்று 3.4 வோல்ட்டில் இருக்கும்போது சேர்த்தால், நிறைந்தது குறைந்ததற்குள் கொட்டும். இரண்டின் உள்தடையும் (பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடை) மொத்தம் 0.1 ஓம் என்றால் 8 ஆம்பியர். ஒன்றைத் தலைகீழாகப் போட்டுவிட்டாலோ 80 ஆம்பியரைத் தொடும், நேரடி ஷார்ட். ஸ்விட்சைத் தொடாமலேயே தீப்பிடிக்க அது போதும்.

பள்ளத்தூர் அன்பர்: பழையது ஒன்று, புதியது ஒன்று போடலாமா?

கூடாது. சீரிஸில் பழையது முதலில் காலியாகும். புதியது அதன் வழியே விடாமல் மின்சாரத்தை ஓட்ட, பழையதன் பிளஸ்-மைனஸ் துருவமே மாறிவிடும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியதாக இருக்கட்டும். மார்க்கரில் அ1, அ2 என்று எழுதி, சார்ஜும் உபயோகமும் சேர்த்தே செய்யுங்கள்.

காரைக்குடி ஆச்சி ஒருவர்: படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு) எல்லோரும் வருவார்கள். பெரிய வீட்டு இன்வர்ட்டருக்கு 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாங்கியிருக்கிறோம். எப்படி மாட்டுவது?

ஆச்சி, இன்வர்ட்டரில் 24 வோல்ட் என்று போட்டிருந்தால் சீரிஸ், 12 என்றால் பேரலல். சேமிப்பு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் 1200 வாட் இழுக்க 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் வேண்டும், 24-இல் 50 போதும். வயர் சூடாவது கால் பங்காகக் குறையும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளமாகப் போவது 230 வோல்ட் வயராக இருக்கட்டும். பேட்டரி கேபிள் குட்டையாக, தடிமனாக.

தேவகோட்டை அன்பர்: மேலுறை லேசாகக் கிழிந்த 18650-ஐ உபயோகிக்கலாமா?

உறைக்குள் இருக்கும் உலோகக் கூடு முழுக்க மைனஸ். பிளஸ் முனைக்கும் கூட்டின் விளிம்புக்கும் நடுவே ஒரு சின்ன வளையம்தான் தடுப்பு. கிழிசல் அந்தப் பக்கம் என்றால் சட்டைப் பைச் சாவி பட்டாலே ஷார்ட். புது உறை மாட்டுங்கள். கூடு நசுங்கியிருந்தால் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.