நீங்கள் அனுப்பிய சாம்பிள்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 34. தமிழ்வழியில் படித்தவள். சரக்கு வாங்கும் பையர்களுக்கு நாள் முழுவதும் ஆங்கிலத்தில் மெயில் எழுத வேண்டும். சின்ன வாக்கியங்கள் வந்துவிடுகின்றன, கொஞ்சம் நீண்டால் சிக்கிக்கொள்கிறது. க்ளாஸ் (clause), அதாவது வாக்கியத்துக்குள் தனி முற்றுவினையோடு வரும் பகுதி, தெரியாததுதான் காரணம் என்று மேலாளர் சொன்னார். யூடியூபில் தமிழில் நடத்தும் இலக்கணப் பாடங்களை பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறேன். நவுன், அட்ஜெக்டிவ், அட்வெர்ப் என்ற மூன்று வகை க்ளாஸுக்கும் விளக்கம் கேட்டால் ஒப்பிப்பேன். ஆனால் நேற்று எழுதியது இப்படி: ‘யெஸ்டர்டே யூ சென்ட் சாம்பிள் கலர் இஸ் நாட் மேட்சிங் வித் லாஸ்ட் மன்த் யூ அப்ரூவ்ட் லேப் டிப்.’ (லேப் டிப் என்பது நிறத்துக்கு ஒப்புதல் வாங்கச் சாயமிட்ட சின்னத் துணித்துண்டு.) எந்தச் சேனலைப் பார்த்தால் சரிவரும்? வெள்ளைக்காரர்கள் நடத்துவதையே பார்க்கலாமா? இந்த வயதில் இலக்கணம் ஏறுமா?

வி.

அன்புள்ள வி.,

வயதைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. வேலை பார்த்துக்கொண்டு, பஸ்ஸில் உட்கார்ந்து இலக்கணம் கேட்கிறவருக்கு அந்தக் கேள்வியே வரக்கூடாது. சேனல் எதுவானாலும் சரி. பெரும்பாலானவற்றில் ஒரே பாடம்தான் ஓடுகிறது.

ஆனால் ஒன்றரை மடங்கு வேகம் என்றீர்களே, அதற்குக் கோபித்துக்கொள்ளத்தான் வேண்டும். அது இலக்கணம் படிப்பதாகாது, செய்தி கேட்பது. பத்து நிமிட வீடியோவுக்கு அரை மணி நேரமும் ஒரு நோட்டும் வேண்டும். ஆசிரியர் எடுத்துக்காட்டை எழுதியதும் நிறுத்துங்கள். அவர் விடை சொல்லுமுன் காலம் காட்டும் முற்றுவினைகளை நீங்களே வட்டமிடுங்கள். எத்தனை வட்டமோ அத்தனை க்ளாஸ். இணைப்புச் சொற்கள் அதைவிட ஒன்று குறைவாக இருக்கும். அதற்கும் குறைந்தால் ஒரு ‘தட்’ ஒளிந்திருக்கிறது என்று பொருள். ‘ஐ திங்க் ஹி லெஃப்ட்’ என்பதில் அப்படித்தான். ‘த மேன் ஸ்டேண்டிங் தேர்’ என்பதில் உள்ள ‘ஸ்டேண்டிங்’குக்கு வட்டம் கிடையாது, அது முற்று அல்ல. இவ்வளவையும் பஸ் குலுக்கலில் செய்ய முடியாது. வாரத்துக்கு இரண்டு வீடியோ போதும், வீட்டில் உட்கார்ந்து பாருங்கள்.

இனி உங்கள் வாக்கியம். அதைப் பிழை என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. ஆங்கிலச் சொற்களால் எழுதிய நல்ல தமிழ் வாக்கியம் அது. ‘நேற்று நீங்கள் அனுப்பிய சாம்பிளின் கலர், போன மாதம் நீங்கள் அப்ரூவ் செய்த லேப் டிப்போடு ஒத்துப்போகவில்லை.’ வரிசை அப்படியே இருக்கிறது. உங்களுக்குத் தெரியாதது க்ளாஸ் அல்ல. ஒரே மெயிலில் ‘அனுப்பிய’, ‘அப்ரூவ் செய்த’ என்று இரண்டு பெயரெச்சத்தைச் சரளமாகப் போட்டிருக்கிறீர்கள். அவற்றைப் புரட்டத்தான் யாரும் சொல்லித்தரவில்லை. தமிழர்களுக்கென்று தமிழிலேயே நடத்தும் வீடியோக்களில்கூட பெயரெச்சம் என்ற பேச்சே எழுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். தமிழில் பேசிக்கொண்டே ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலிருந்தே விளக்கம் தருகிறார்கள்.

தமிழில் பெயர் கடைசியில் வரும்: ‘நேற்று நீங்கள் அனுப்பிய சாம்பிள்’. ஆங்கிலத்தில் பெயர் முதலில் நிற்கும். பிறகு தட், பிறகு செய்தவர், பிறகு வினை, பிறகு காலம்: ‘த சாம்பிள் தட் யூ சென்ட் யெஸ்டர்டே’. பனியனை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுவது மாதிரிதான். முதலில் தமிழ் வாக்கியத்தின் கடைசி முற்றைப் பிடியுங்கள். ‘ஒத்துப்போகவில்லை.’ எது எதோடு? கலர், லேப் டிப்போடு. எலும்புக்கூடு கிடைத்துவிட்டது: ‘த கலர் டஸ் நாட் மேட்ச் த லேப் டிப்.’ ‘மேட்ச்’ என்ற வினைக்குப் பின்னால் ‘வித்’ வேண்டாம். அடுத்து பெயரெச்சங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி அதனதன் பெயருக்குப் பின்னால் ஒட்டுங்கள். ‘த கலர் ஆஃப் த சாம்பிள் தட் யூ சென்ட் யெஸ்டர்டே டஸ் நாட் மேட்ச் த லேப் டிப் தட் யூ அப்ரூவ்ட் லாஸ்ட் மன்த்.’ வட்டம் மூன்று, இணைப்பு இரண்டு. கணக்கு சரி.

இதோடு முடிந்தால் நானே ஒரு வீடியோ போட்டிருப்பேன். சிக்கல் இனிமேல்தான். தமிழ்ப் பெயரெச்சம் ‘ஐ’, ‘ஆல்’, ‘இல்’ போன்ற வேற்றுமை உருபை விழுங்கிவிடும். 13ஆம் நூற்றாண்டு நன்னூல், ஒரு பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறு வகைப் பெயரையும் கொள்ளும் என்கிறது. வந்த பையர், வெட்டிய மெஷின், சாயம் போட்ட யூனிட், அனுப்பிய நாள், அனுப்பிய சாம்பிள். உறவு ஒவ்வொன்றிலும் வேறு, வடிவம் எல்லாவற்றிலும் ஒன்றே. நமக்கு அது வசதி. ஆங்கிலத்துக்கு அந்த வசதி கிடையாது. ‘நாங்கள் சாயம் போட்ட யூனிட்’ என்பதை ‘த யூனிட் தட் வீ டைட்’ என்று எழுதினால், யூனிட்டையே சாயத்தொட்டியில் முக்கியெடுத்ததாகப் பையர் படிப்பார்.

இதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. பெயரெச்சத்தைப் பிரித்து முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். ‘யூனிட்டில் சாயம் போட்டோம்.’ விழுங்கப்பட்ட ‘இல்’ வெளியே வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அது ‘வேர்’ ஆகவோ ‘இன் விச்’ ஆகவோ வந்தே தீரவேண்டும்: ‘த யூனிட் வேர் வீ டைட் த ஃபேப்ரிக்’. ‘நீங்கள் பேசிய ஆள்’ என்றால் ‘ஆளிடம் பேசினீர்கள்’. அந்த ‘இடம்’தான் கடைசியில் நிற்கும் ‘டு’: ‘த பெர்சன் யூ ஸ்போக் டு’. ‘துணி வெட்டிய மெஷின்’ என்றால் ‘மெஷினால் வெட்டினோம்’. இங்கே ‘வித்’ வேண்டும். ‘சாம்பிளை அனுப்பினீர்கள்’ என்று ‘ஐ’ வந்தால் எதுவும் சேர்க்க வேண்டாம், ‘தட்’டைக்கூட விட்டுவிடலாம்: ‘த சாம்பிள் யூ சென்ட்’. ‘பையர் வந்தார்’ என்று உருபே இல்லாமல் எழுவாயாக நின்றால் ‘ஹூ’வை விடவே கூடாது. ‘த பையர் கேம் யெஸ்டர்டே இஸ் ஹேப்பி’ என்று எழுதுகிறவர்கள் தடுக்குவது இங்கேதான். எப்போது விடலாம், எப்போது விடக்கூடாது என்பதற்குப் பாடங்களில் நீண்ட அட்டவணை போடுகிறார்கள். நம்மிடம் வேற்றுமை உருபு இருக்கும்போது அட்டவணை எதற்கு?

சிலர் ‘த சாம்பிள் தட் யூ சென்ட் இட்’ என்று ஒரு ‘இட்’டைச் செருகுவார்கள். ‘நீங்கள் அதை அனுப்பிய சாம்பிள்’ என்று யாராவது தமிழில் பேசுவார்களா? சந்தேகம் வந்தால் தமிழ்க் காதைக் கேளுங்கள்.

காற்புள்ளியில் மட்டும் தமிழ்க் காது உதவாது. ‘அவிநாசியில் இருக்கும் எங்கள் யூனிட்’ என்றால் யூனிட் ஒன்றா பலவா என்று தெரியாது. ஆங்கிலத்தில் ‘எங்கள்’ என்று பொருள்படும் ‘அவர் யூனிட்’டுக்குப் பின் காற்புள்ளி வைத்து ‘விச் இஸ் இன் அவிநாசி’ என்றால் ஒன்றே ஒன்று. காற்புள்ளி இல்லையென்றால் வேறு ஊரிலும் இருக்கிறது. காற்புள்ளிக்குப் பின் இந்த இடத்தில் ‘தட்’ வராது. வீடியோவில் தானாக ஓடும் வசனவரியை நம்பி இதைக் கற்க முடியாது. எழுதிக் காட்டும் பாடத்தைத் தேடுங்கள்.

இதுவரை புரட்டியது அட்ஜெக்டிவ் க்ளாஸ். மற்ற இரண்டு வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ‘வேர், வென் என்று தொடங்கினால் அட்வெர்ப் க்ளாஸ்’ என்று முதல் சொல்லை வைத்து அடையாளம் சொல்லும் வீடியோவை அங்கேயே மூடிவிடுங்கள். ‘ஐ நோ வேர் ஹி லிவ்ஸ்’ நவுன் க்ளாஸ். ‘த ஹவுஸ் வேர் ஹி லிவ்ஸ்’ அட்ஜெக்டிவ் க்ளாஸ். ‘ஸிட் வேர் யூ லைக்’ அட்வெர்ப் க்ளாஸ். சொல் ஒன்று, வேலை மூன்று. ‘ஆல்தோ’ என்று தொடங்கிவிட்டு நடுவில் ‘பட்’ போடாதீர்கள்.

க்ளாஸ் வகையின் பெயர் தெரிந்துகொள்வதில் உருப்படியான பயன் உள்ள ஓர் இடம் உங்கள் மெயிலில் தினமும் வரும். ‘ப்ளீஸ் லெட் மீ நோ வென் யூ வில் அப்ரூவ் த லேப் டிப்’: இது நவுன் க்ளாஸ், எதிர்காலத்துக்கு ‘வில்’ வேண்டும். கேள்வி வரிசையில் ‘வென் வில் யூ’ என்று மட்டும் திருப்பிவிடாதீர்கள். ‘வென் யூ அப்ரூவ் த லேப் டிப், வீ வில் ஸ்டார்ட் டையிங்’: இது அட்வெர்ப் க்ளாஸ், ‘வென்’ பக்கத்தில் ‘வில்’ வரவே கூடாது. ‘இஃப்’, ‘அன்டில்’, ‘ஆஃப்டர்’ எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நாளைக்கு அனுப்புகிற மெயில்களில் ‘வில்’ வரும் இடத்தையெல்லாம் ஒருமுறை தேடிப் பாருங்கள்.