பெரிய லூர் போட்டு வஞ்சிரம் இழுப்பது: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரிக் கரையிலிருந்து ஃபைபர் படகில் போய், ஓடும் படகுக்குப் பின்னால் லூர் (மீன் உருவில் செய்த செயற்கை இரை) இழுக்கிறவர்கள் கேட்டவை இவை. 15 செ.மீ.க்கு மேற்பட்ட லூர்களைப் பற்றி மட்டும் பேசுவோம். முதலில் ஒரு வார்த்தை: ஓடும் படகில் யாரும் தூண்டில் நரம்பைக் கையில் சுற்றாதீர்கள்.

தேவனாம்பட்டினம்: அண்ணே, எல்லாரும் 11, 12 செ.மீ.தான் போடுறாங்க. 18 செ.மீ. போட்டா பெரிய வஞ்சிரம்தான் வருமா?

அப்படி உறுதி இல்லை தம்பி. இரண்டு கிலோ வஞ்சிரமே பெரிய லூரை அடிக்கத் தயங்காது. சின்னப் பாரை, சின்னச் சீலாவின் தொல்லை குறையும், அவ்வளவுதான். கடலில் அன்றைக்கு என்ன இரை ஓடுகிறது என்பதுதான் அளவைத் தீர்மானிக்கும். கானாங்கெளுத்தி, முரல், வாளை, கோலா ஓடினால் 16, 18 செ.மீ. தாராளமாகப் போடலாம். நெத்திலியும் பொடிக் கவலையும் மேலே கொதித்துக்கொண்டிருந்தால் வஞ்சிரம் அந்த அளவையே பார்த்துத் தின்னும். பெரிய லூர் பக்கத்தில் போனாலும் திரும்பாது. முதல் மீன் ஏறியதும் வயிற்றைக் கீறிப் பாருங்கள், விடை அங்கேயே இருக்கும்.

பெரிய லூர் போட இன்னொரு காரணமும் உண்டு. பெரிய லூருக்குப் பெரிய நாக்கு (தண்ணீரைத் தள்ளி லூரைக் கீழே இறக்கும் முன்தகடு). அதனால் ஆழம் போகும். ரப்பாலா எக்ஸ்-ராப் மேக்னம் வரிசையில் பெயரோடு வரும் எண், ஏறக்குறைய அது இறங்கும் அடிக்கணக்கு. 10 என்றால் 11 செ.மீ. நீளம், 10 அடி. 20 என்றால் 14 செ.மீ., 20 அடி. 30 என்றால் 16 செ.மீ., 30 அடி. வெயில் ஏறிய பிறகு மீன் கீழே போய்விட்டால் 30 வேலை செய்வது நீளத்தால் அல்ல, ஆழத்தால். அதே 30-ஐ நாலு பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) தண்ணீரில் பாருக்கு (கடலடிப் பாறைக்கு) மேல் இழுத்தால் கல்லில் போய் மாட்டும். ஏழு, எட்டு பாகத்துக்குக் குறைந்த இடத்தில் அதை இறக்காதீர்கள்.

வீராம்பட்டினம்: என்ன கலர்?

தெளிந்த தண்ணீரில் நீலம்–வெள்ளி, அதிகாலையிலும் கலங்கலிலும் சிவப்புத்தலை–வெள்ளை. கலரைவிட ஆழமும் வேகமும் முக்கியம்.

முதுநகர்: 9.9 குதிரைசக்தி எஞ்சின். எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் விடணும்?

நாக்கு வைத்த பெரிய லூருக்கு 5 முதல் 6 நாட், அதாவது மணிக்கு 9 முதல் 11 கி.மீ. போனில் ஜி.பி.எஸ். வைத்துப் பாருங்கள். ஆனால் அது தரைக்கணக்கு. நீரோட்டத்தை எதிர்த்துப் போகும்போது அதே 5 நாட் வேகத்தில் லூர் இன்னும் வேகமாக ஆடும், கூடவே ஓடும்போது சோர்ந்துவிடும். எண்ணை நம்புவதைவிடத் தூண்டில் கம்பின் நுனியை நம்புங்கள். ஒரே சீராகத் துடித்தால் லூர் சரியாக ஓடுகிறது. துடிப்பு நின்றால் குப்பை மாட்டியிருக்கிறது. மழைக்குப் பிறகு கெடிலம், பெண்ணையாறு முகத்துவாரங்களுக்கு வெளியே ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் மிதக்கும்போது அடிக்கடி எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

இரண்டு கம்பு போட்டால் ஆழமாக இறங்குவது படகுக்குப் பக்கத்தில், 20–25 மீட்டர். மேலே ஓடுவது 40–50 மீட்டர் பின்னால். மாற்றிப் போட்டால் திரும்பும்போது சிக்கும். அகலமாக வளையுங்கள். வளைவில் உள்பக்க லூர் மெதுவாகும், வெளிப்பக்கம் வேகம் கூடும். எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைக் கவனித்தால் வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரிந்துவிடும்.

காலாப்பட்டு: பெரிய லூர் சாய்ந்து மேலே வந்து புரளுது. டூப்ளிகேட்டா?

இருக்கலாம். ஆனால் முதலில் இவற்றைப் பாருங்கள். தூண்டில் முள்ளில் பாசி இருக்கிறதா? மூக்கு வளையத்தில் நேரடியாக இறுக்கி முடிந்திருக்கிறீர்களா? ஆட இடம் வேண்டும், லூருக்கு முன்னால் கட்டும் கம்பியில் வளையம் விட்டுத் திருகுங்கள் அல்லது கனமான ஸ்னாப் (மாட்டும் கொக்கி) போடுங்கள். இரண்டும் சரியென்றால் வளையம் கோணியிருக்கும். படகிலிருந்து பார்க்கையில் லூர் இடப்பக்கம் ஒதுங்கினால், மூக்கை உங்கள் பக்கம் திருப்பிப் பிடித்து, வளையத்தைக் குறடால் வலப்பக்கம் மயிரிழை வளையுங்கள். படகோரத்தில் ஓட்டிப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு மயிரிழை. ஒரேயடியாக வளைத்தால் வளையம் ஆடிப்போய் உள்ளே தண்ணீர் இறங்கும்.

நல்லவாடு: கம்பி எதுக்கு? லூர் 18 செ.மீ. இருக்கே, பல் நரம்புக்கு எட்டாது. 100 பவுண்டு தாங்குற தங்கூசி (நைலான் நரம்பு) போதும். கம்பி போட்டா மீன் அடிக்கிறது குறையுது.

எட்டும். வஞ்சிரம் எப்போதும் வாலிலிருந்து வராது. பக்கவாட்டில் வந்து வெட்டும், தலையை உதறும். அப்போது லூர் முழுவதும் வாய்க்குள் போகவேண்டியதில்லை, நரம்பு பல்லில் ஒருமுறை உரசினால் போதும்.

நல்லவாடு: சின்ன லூருக்குக் கம்பி போட்டா ஆட்டமே செத்துடுதே, அதையும் சொல்லுங்க.

உண்மை. 9 செ.மீ. லூரைத் தடித்த கம்பி முடக்கிவிடும். பெரிய லூரின் லாபமே அங்குதான்: கம்பியின் கனம் அதற்குத் தெரியாது. 7-ஆம் எண் ஒற்றைக்கம்பி, 69 பவுண்டு, அரை மீட்டர். அல்லது 49 இழைக் கம்பி 90 பவுண்டு. ஒற்றைக்கம்பி மடங்கினால் அங்கேயே தூக்கிப்போட்டுப் புதிதாகத் திருகுங்கள், நிமிர்த்திப் பயன்படுத்தினால் அடுத்த மீனில் அறுந்துபோகும்.

பண்ணித்திட்டு: நான் அவர் பக்கம். எனக்கு அறுந்ததே லூர்கிட்ட இல்ல, சுவிவலுக்கு (கம்பியையும் நரம்பையும் இணைக்கிற சுழல் வளையம்) மேல. கம்பி இருந்தும் என்ன பிரயோஜனம்?

நல்ல கேள்வி. அது வேறு மீன். பளபளப்பான சுவிவலும் அது கிளப்பும் குமிழியும் பொடி இரைபோல ஓடும், கூட்டத்தில் இன்னொரு வஞ்சிரம் அதைக் கடிக்கும். சின்னதாக, கறுப்பாக உள்ள சுவிவல் போடுங்கள். அதற்கு மேல் இரண்டு மீட்டர் 80 பவுண்டு தங்கூசி வையுங்கள். கம்பியை எடுத்துவிடுவது இதற்கு மருந்தல்ல.

நல்லவாடு: சூரைக்கும் கம்பியா?

வேண்டாம். சூரையும் மயில் மீனும் மட்டும் தேடிப்போனால் தங்கூசியே சரி, கம்பி போட்டால் மீன் அடிப்பது குறையும் என்பதும் அங்கே பொருந்தும். வஞ்சிரமும் சீலாவும் கலந்து ஓடும் பாரில் கம்பி இல்லாமல் இறக்கினால் லூர் மட்டுமா போகிறது? வாயில் இரண்டு மும்முள்ளோடு (மூன்று கூர் உள்ள முள்) ஒரு மீனும் போகிறது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அரியாங்குப்பம்: கலர் என்ன போடலாம் அண்ணா?

மேலே சொல்லியிருக்கிறேன்.

தாழங்குடா: பெரிய லூர்ல அடிக்குது, ஆனா மாட்ட மாட்டேங்குது.

தடித்த முள் குத்த அதிக இழுப்பு வேண்டும். சின்ன லூருக்கு வைத்த ட்ராக்கையே (மீன் இழுத்தால் ரீல் நரம்பை விடும் இறுக்கம்) வைத்திருப்பீர்கள். 50 பவுண்டு நரம்புக்குக் கால் பங்கு, சுமார் 5.5 கிலோ. சுருள் தராசைக் கட்டி இழுத்து அளந்து வையுங்கள், கைக்கணக்கு வேண்டாம். மீன் மாட்டியதும் கொஞ்சம் தளர்த்தலாம். முள்ளை அரத்தில் தீட்டுங்கள். நகத்தில் வைத்தால் வழுக்காமல் நிற்கவேண்டும். அடித்தவுடன் எஞ்சினை நிறுத்தாதீர்கள், நரம்பு தொய்ந்தால் மீன் உதறிவிடும். சில விநாடி ஓட்டி, பிறகு குறையுங்கள்.

மும்முள்ளைக் கழற்றி ஒற்றை முள் போடுவது நல்லது. மீனுக்கும் கைக்கும். முன்பின் இரண்டும் பழைய எடைக்குப் பக்கத்தில் இருக்கட்டும், வால் முள்ளின் கூர் மேல்நோக்கட்டும், மாற்றியபின் படகோரத்தில் ஓட்டிப் பாருங்கள். வால் முள்ளை மட்டும் எடுத்துவிடாதீர்கள், வஞ்சிரம் பல நேரம் வாலைத்தான் முதலில் வெட்டும்.

டொராண்டோவிலிருந்து கடலூர்க்காரர்: இங்கே ஒன்டாரியோ ஏரியில் சால்மனுக்குப் பெரிய ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக லூர்) போடச் சொல்கிறார்கள். இதே கணக்கா?

இரைக்கணக்கு அதேதான், மற்றதெல்லாம் வேறு. அங்கே சினூக் சால்மனுக்கு முக்கிய இரை ஏல்வைஃப் என்ற சிறு மீன். வளர்ந்தது ஆறு, ஏழு அங்குலம். அது நிறைய இருக்கும்போதும், விடியுமுன் மங்கலிலும் நாலரை, ஐந்து அங்குல மேக்னம் ஸ்பூன் சரி. கோடைக் கடைசியில் அந்த ஆண்டுக் குஞ்சுகளைத் தின்றால் சின்ன ஸ்பூனுக்கு இறங்குங்கள். வேகம் மணிக்கு 2 முதல் 3 மைல்தான், ஏரி ட்ரவுட்டுக்கு இன்னும் மெதுவாக. ஆழத்துக்கு டவுன்ரிகர் குண்டு (நரம்பைக் கீழே இறக்கும் எடை). கம்பி வேண்டாம், அவற்றுக்கு வஞ்சிரம்போல் வெட்டும் பல் இல்லை. உரிம விதிகளை அங்கேயே கேளுங்கள்.

வம்பாகீரப்பாளையம்: கம்பு இல்லாம கைநரம்பில் 18 செ.மீ. இழுக்கலாமா? கலரும் சொல்லுங்க.

கலர் இனி சொல்லமாட்டேன். கைநரம்பில் இழுக்கலாம், ஆனால் படகில் கட்டிய ரப்பர் வழியாக, நரம்பு கட்டையில் சுற்றியிருக்க. கையில் சுற்றி அல்ல. ஐந்து நாட் வேகத்தில் பெரிய மீன் அடித்தால் விரல் போகும். கையுறை போடுங்கள். தளர்ந்த நரம்புக்குள் கால் வைக்காதீர்கள். மீன் படகுக்குள் வந்ததும் தலையை ஈரச்சாக்கால் அமுக்கி, நீளக் குறடால் முள்ளை எடுங்கள். லூரைப் பிடித்து எடுக்காதீர்கள்: ஒரு முள் மீனில், மற்றது உங்கள் கையில் என்று ஆகும்.

சிங்காரத்தோப்பு: வலையில லூர் மாட்டிக்கிட்டா?

உடனே நியூட்ரல். பின்னுக்குப் போய் நரம்பைச் சுருட்டிக்கொண்டே நெருங்குங்கள், எஞ்சின் விசிறியில் (புரொப்பெல்லரில்) நரம்போ வலையோ ஏறாமல் எஞ்சினைத் தூக்குங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து இழுத்தால் முள் பெரும்பாலும் கழன்றுவிடும். கழலவில்லையா, வலையை அறுக்காதீர்கள், மும்முள்ளின் வளையத்தை வெட்டுங்கள். கண்ணி கிழிந்திருந்தால் மிதவைக்காரரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். கரையில் விசாரித்தால் யார் வலை என்று தெரிந்துவிடும்.