பின்னோன் வேண்டும் விகற்பம்

கேள்வி: சித்திரக்கதை நாயகன் ஒருவனின் வழித்தோன்றலாகத் தங்கை, மருமகன், நாய் என்று பின்னால் வரும் பாத்திரங்கள் யாருக்குச் சொந்தம்? முதல் நாயகனைப் படைத்தவருக்கா, புதியதை வரைந்தவருக்கா, காசு போட்ட பதிப்பகத்துக்கா?
— ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: சொந்தத்தைப் பிறகு பார்ப்போம், நீங்கள் எழுதியிருக்கும் ‘வழித்தோன்றல்’ என்ற சொல்லை முதலில் கையில் எடுக்கிறேன். நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால், மழைக்கு மறுநாள் வேலியோரத்தில் காளான் தோன்றுவதைப்போல நாயகனுக்குத் தங்கையும் நாயும் தாமாகவே தோன்றிவிட்டன என்று அது சொல்லாமல் சொல்கிறது. பேனையும் மையுமாக இரவு விழித்திருந்தவன் ஒருவன் உண்டு என்பதற்கு அச்சொல்லில் இடமில்லை.

சுப்பர்மேனின் குடும்பத்தைப் பாருங்கள். கிரிப்டன் கிரகம் அழிந்தபோது தப்பிய ஒரே குழந்தை என்றுதான் 1938இல் கதை தொடங்கியது. 1955இல் அந்த வீட்டு நாயான கிரிப்டோ வந்து சேர்ந்தது. 1959இல் சித்தப்பா மகள் சுப்பர்கேர்ள் வந்தாள். அதே ஆண்டில், ஒளிந்து விண்கலம் ஏறிய குரங்கு ஒன்றும் வந்தது. அடுத்த ஆண்டில் ஒரு பூனை, 1962இல் ஒரு குதிரை. இவை இரண்டும் கிரிப்டனில் பிறந்தவை அல்ல என்பதால் சம்பந்தி வீட்டார் கணக்கில் வைக்கலாம். வெளிநாட்டிலிருந்து வருபவர் தனியாகத்தான் வருகிறார் என்று நம்பி ஓர் அறையை மட்டும் ஒதுக்கி வைத்த வீட்டுக்காரரின் நிலைதான் வாசகனுக்கு ஏற்பட்டது. அந்தக் கிரகத்தில் செத்தவர் யாராவது உண்டா என்றுகூட அக்காலத்தில் கேட்டிருக்கலாம்.

இந்தக் குரங்குக்கு ஜெர்ரி சீகல் என்ன முறை? சீகலும் ஜோ ஷூஸ்டரும் சுப்பர்மேனைப் படைத்து, உரிமையை 130 டொலருக்குப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்தவர்கள். அதே நாயகனின் சிறுபருவத்தைச் சுப்பர்போய் என்ற பெயரில் தனிக்கதையாக்கலாம் என்று சீகல் சொன்னபோது பதிப்பகம் மறுத்தது; அவர் இராணுவத்தில் இருந்த காலத்தில், 1945இல், அவரைக் கேளாமலே அதை வெளியிட்டது. 1947இல் வழக்குப் போட்டார். சுப்பர்மேன் பதிப்பகத்துக்கு, சுப்பர்போய் சீகலுக்கு என்று வழக்கை விசாரித்த நடுவர் கண்டார். ஆளும் அவனே, வளர்ந்தவன் ஒருவருக்கும் சிறுவன் இன்னொருவருக்கும்! இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், அந்தச் சிறுவனைப் புதிதாகச் செய்தது யார் என்ற கேள்விக்கு அந்த நடுவர் நேர்மையாக விடை சொன்னார் என்பதை மறந்துவிடுகிறார்கள். வழக்குச் செலவில் தளர்ந்த இருவரும் 1948இல் ஏறத்தாழ 94,000 டொலர் பெற்றுக்கொண்டு இரண்டு பாத்திரங்களையும் விட்டுக்கொடுத்தார்கள் என்பது வேறு கதை.

நம்மவர்கள் இதற்கு நல்ல ஒழுங்கு வைத்திருந்தார்கள். (நன்னூலை நான் எடுத்தவுடன் எனக்குக் கடிதம் எழுதும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இப்போதே தாளைத் தேடியிருப்பார், கம்பன் வெறும் தழுவல்காரன் என்ற அவருடைய கட்சியோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு.) பவணந்தி முனிவர் வழிநூலுக்கு இலக்கணம் சொல்லும்போது, முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துப் ‘பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி’ அமைவது என்கிறார். பின்னோன் என்று ஓர் ஆளையே சொல்கிறார். அவன் வேண்டிய மாற்றம் அவனுடையது என்பதையும் ஒப்புக்கொள்கிறார். பாயிரத்தில் சொல்லவேண்டியவற்றை அடுக்கும் சூத்திரமோ ‘ஆக்கியோன் பெயரே வழியே’ என்று தொடங்குகிறது. செய்தவன் பெயர் முதலில், எதன் வழியில் வந்தது என்பது அடுத்து. காமிக்ஸ் அட்டையின் உட்பக்கத்துக்கு இதைவிடச் சுருக்கமான விதியை எந்தச் சட்டத்தரணியும் எழுதித் தரமாட்டார்.

இந்தப் பின்னோனை ஒழித்துக்கட்டுவதுதான் பதிப்பகத்தாரின் கெட்டித்தனம். கதாசிரியர் ஜெரி கொன்வே 1978இல் கில்லர் ஃப்ரொஸ்ட் என்ற வில்லியைப் படைத்தவர்களுள் ஒருவர். பல ஆண்டுகளுக்குப் பின் வேறு இருவர் அதே பட்டத்துக்குக் கெய்ற்லின் ஸ்னோ என்ற புதிய பெண்ணைப் படைத்தார்கள். 2014இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் அவள் முக்கிய பாத்திரமானாள். அவள் வழித்தோன்றல் என்பதால் படைத்த இருவருக்கும் பங்கு இல்லை, அவளைப் படைக்காததால் தமக்கும் பங்கு இல்லை, ஆகவே பதிப்பகத்தின் கணக்குப்படி அவளை யாருமே படைக்கவில்லை என்று கொன்வே வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். பெற்றவளும் இல்லை, வளர்த்தவளும் இல்லை, பிள்ளை மட்டும் சம்பாதிக்கிறது.

பதிப்பகங்களை மட்டும் திட்டுவதும் நியாயமன்று. படைப்பாளிக்கே உரிமை என்று முழங்கி 1992இல் வெளியேறிப் புதிய நிறுவனம் கண்டவர்களுள் ஒருவர் டொட் மக்ஃபார்லேன். அவருடைய ஸ்போன் கதையின் 9ஆம் இதழை 1993இல் நீல் கெய்மன் எழுதி, மத்திய காலத்து ஸ்போன் ஒருவனையும் அஞ்சலா என்ற பெண்ணையும் கொண்டுவந்தார். அவற்றில் கெய்மனுக்குப் பாதி உரிமை உண்டு என்பதை நிலைநாட்ட நீதிமன்றம் வேண்டியிருந்தது. பிறகு அவற்றைப் போலவே வந்த மூன்று பாத்திரங்களும் அவற்றின் வழிப்பட்டவையே என்று 2010இல் நீதிபதி தீர்ப்பளித்தார். கதிரை மாறியதும் மக்ஃபார்லேனும் முதலாளியாகத்தான் பேசினார்.

நாம் தீர்ப்புச் சொல்லப் பெரிய தகுதி உடையவர்களும் அல்லர். திருகோணமலையின் கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைக் காட்டி, தாய்க்காக அவன் மலையைப் பெயர்க்க வந்தான் என்கிறோம்; அந்தத் தாயின் கடன் கழிக்கவே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் தோன்றின என்கிறோம். வால்மீகி அவனுக்கு இந்த ஊரில் எந்த வேலையும் கொடுக்கவில்லை. அது நம்மவர் வேண்டிய விகற்பம். என் தலைமுறை உயிராக நேசித்த இரும்புக்கை மாயாவியும் அப்படித்தான்: 1962இல் இங்கிலாந்தின் ஒரு வார இதழுக்காக கென் பல்மர் எழுத, ஸ்பானியரான ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த அவனுக்கு ஆங்கிலத்தில் உருக்கு நகம் என்ற பட்டந்தான் இருந்தது. மாயாவி என்ற அரைப்பங்கு மந்திரம் 1972இல் சிவகாசியின் தமிழ்ப் பதிப்பில் சேர்ந்தது. அந்தச் சொல்லைக் கண்டவரின் பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

இனி உங்கள் கேள்வி. நம் இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேலைக்கு இருந்து செய்த படைப்பின் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, வேலை கொடுத்தவருக்கே. பெயர் குறிக்கப்படும் உரிமை படைத்தவரோடு நிற்கும். என் கருத்து என்னவென்றால், காணியை முதல் நாயகனை வைத்திருப்பவரே வைத்திருக்கட்டும். அவர் அனுமதியில்லாமல் யாரும் அதில் கன்று வைக்க வேண்டாம். ஆனால் வைத்த மரம் காய்த்தால் நட்டவனுக்கும் பங்கு உண்டு. யாழ்ப்பாணத்தாரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பிறர் காணியில் மரம் நட்டவனுக்குப் பலனில் பங்கு வைத்திருக்கிறது. அது திருகோணமலையில் சட்டம் அன்று. நியாயம் இங்கும் செல்லும்.

இதில் எனக்குச் சொந்தக் காயம் ஒன்றும் உண்டு. இளமையில் ஒரு வார இதழுக்குத் துறைமுகத்துச் சுழியோடிச் சிறுவன் ஒருவனை வரைந்தேன். நான் ஆறு வாரம் காய்ச்சலில் கிடந்தபோது அவனுக்கு ஒரு தம்பி முளைத்தான். வரைந்தவர் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. சென்ற ஆண்டு ஓர் இளைஞர் வந்து, அந்தச் சிறுவனின் மகளைத் தாம் வரையலாமா என்று கேட்டார். பாதிப் பங்கு, முதல் வரியில் அவர் பெயர், கீழே சிறிய எழுத்தில் ‘வழி’ என்று என் பெயர் என ஒப்புக்கொண்டோம். முதல் பக்கம் போன வாரம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு நீந்தத் தெரியாது. எனக்குப் பிடிக்கவேயில்லை, ஒரு வார்த்தையும் சொல்லாமல் அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.