விமானி பயிற்சியில் மீதி 80 மணி நேரத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டலாமா?

கோத்தகிரித் தம்பிக்கு வணக்கம். விமானம் ஓட்டும் பயிற்சியில் 120 மணி முடிந்தது, அதில் பிஐசி (விமானத்துக்கு நீங்களே பொறுப்பாக இருந்து ஓட்டும் நேரம்) 40தான், மீதி 80க்குச் சமவெளியில் ஒரு மலிவான பள்ளி முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்கிறது என்கிறீர்கள். தயவுசெய்து கட்டாதீர்கள். பத்துப் பத்து மணியாகக் கட்டுகிறேன் என்று கேளுங்கள்.

சிபிஎல்லுக்கு, அதாவது வணிக விமானி உரிமத்துக்கு, 200 மணியில் 100 பிஐசி வேண்டும். ஆக இந்த 80ல் 60 பிஐசியாகவே இருக்க வேண்டும்; டூயலுக்கு, அதாவது பயிற்றுநரோடு பறப்பதற்கு, மிஞ்சுவது 20தான். அவர்கள் திட்டத்தில் டூயல் 30 என்றிருந்தால், கூடுதலாகப் பத்து மணிக்கு நீங்கள்தான் பணம் தர வேண்டிவரும். மலிவு அங்கேயே போய்விடும். க்ராஸ் கண்ட்ரி (ஊர் விட்டு ஊர் பறப்பது) பிஐசி 20 மணி, அதில் 300 நாட்டிகல் மைல் பயணம் ஒன்று, இரவு பிஐசி 5 மணி, அதில் பத்து டேக்-ஆஃப், பத்து லேண்டிங்: இவை எதில் அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கட்டணம் ஹாப்ஸ் மீட்டரிலா (எஞ்சின் ஓடும் நேரத்தை அப்படியே எண்ணுவது), டாக்கோவிலா (எஞ்சின் சுழற்சியை வைத்து எண்ணுவது)? ஹாப்ஸ் என்றால் ரன்வேக்குக் காத்து நிற்கும் நேரமும் உங்கள் கணக்கு. டாக்கோ, எஞ்சின் குறைந்த வேகத்தில் சுழலும்போது மெதுவாக ஓடும். எரிபொருள் சேர்த்தா என்றும் கேளுங்கள்.

நேரில் போய், இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை மாணவர் என்று பாருங்கள். விமானம் ஒன்றே ஒன்று என்றால், 100 மணி பறந்ததும் செய்யும் பரிசோதனைக்கு அது நிற்கும்போது எல்லாரும் நிற்பார்கள்.

இன்னொன்று: சளியோடு மலையிறங்கி, மேட்டுப்பாளையம் வந்தும் காது அடைப்பு விடவில்லை என்றால் அன்று பறக்கவே வேண்டாம்.