புதுப் படகில் பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15ஆம் தேதி எங்கள் புதிய விசைப்படகைக் கடலில் இறக்கினோம். 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் மின்சாரம் எடுக்கிறோம். அடியில் ஊறும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் சத்தம் போடுகிறதே தவிர, நீர் சரியாக வருவதில்லை. இயந்திரத்தைக் கிளப்பும்போதெல்லாம் ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் அணைந்துவிடுகின்றன. ஒரு பேட்டரி அதற்குள் பழுதாகிவிட்டது. பம்பையும் பேட்டரியையும் புதிதாக வாங்கிவிடலாமா?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: சற்றுப் பொறுங்கள். இரண்டையும் கெடுத்த காரணம் படகுக்குள்ளேயே இருக்குமானால், புதிதாக வாங்குபவையும் அதே வழியில்தான் போகும்.

முதலில் பம்பின் அடிச் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். புதுப் படகின் அடியில் பட்டறையின் மிச்சங்கள் தங்கிவிடுவது வழக்கம். ஃபைபர் தூளும், மரச்சீவலும், எலக்ட்ரீஷியன் சீவிப்போட்ட வயர்த் தோலும் முதல் சில பயணங்களின் ஆட்டத்தில் நீரோடு உருண்டு வந்து சல்லடையில் அப்பிக்கொள்ளும். சல்லடை சுத்தமாக இருந்தால், பம்புக்குப் போகும் வயர்களின் நிறத்தை அதனுடன் வந்த விளக்கத் தாளோடு ஒப்பிடுங்கள். நேர் முனையும் எதிர் முனையும் இடம் மாறியிருந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். அப்போது சத்தம் வழக்கம்போல் கேட்கும், நீர் மட்டும் மிகக் குறைவாக வரும். அடுத்தது, நீரை வெளியே கொண்டுபோகும் குழாயான ஹோஸ். அது நடுவில் தொய்ந்து தொங்கினால், அங்கே தேங்கிய நீருக்கும் பம்புக்கும் இடையில் காற்று சிக்கிக்கொள்ளும். இவ்வகைப் பம்பால் நீரைத் தள்ள முடியுமே அன்றிக் காற்றைத் தள்ள முடியாது. ஆகவே ஹோஸ் பம்பிலிருந்து வெளிவாய் வரை எங்கும் தாழாமல் மேல்நோக்கியே செல்ல வேண்டும். வெளிவாயும் தாழ்வாக இருக்கக் கூடாது. ஐஸும் மீனும் டீசலும் ஏறிய பிறகு படகு எவ்வளவு அமிழும் என்பதைக் கணக்கில் கொண்டு, அந்த மட்டத்துக்கு நன்கு மேலே அதை வையுங்கள். இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் கடல்நீர் அதே வழியாக உள்ளே இறங்கும். இந்தத் தவறால் படகு மூழ்கும் அபாயம் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இவை அனைத்தும் சரியாக இருந்தால், வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனையில் ஒரு முறையும், பம்பின் இணைப்பிலேயே ஒரு முறையும் அளந்து பாருங்கள். பம்பை நிறுத்திவிட்டு அளந்தால் இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான் காட்டும், அதனால் ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் பயன்படுத்தும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியிலிருந்து பம்ப் 12 மீட்டர் தூரத்தில் இருந்தால், போக வர 24 மீட்டர். பம்ப் 8 ஆம்பியர் எடுத்தால் வழியிலேயே சுமார் 2.5 வோல்ட் தொலைந்துவிடும். 24 வோல்ட்டில் இது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். 6 சதுர மில்லிமீட்டர் வயரானால் இழப்பு 0.6 வோல்ட் அளவில் நின்றுவிடும். ஈயம் பூசிய பல இழைச் செப்பு வயரையே கேட்டு வாங்குங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பை நம்பாதீர்கள். அத்தகைய ஒரு டேப்பைப் பிரித்துப் பாருங்கள். நாளடைவில் செப்பு இழைகளில் பச்சைக் களிம்பு பூத்து, விரலால் தொட்டாலே இழை உதிரும்.

இனிப் பேட்டரிக்கு வருவோம். ஜிபிஎஸ், வயர்லெஸ் ஆகியவற்றுக்கு 12 வோல்ட் தேவை என்பதால், இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் தனியாக வயர் இழுத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நிறையப் படகுகளில் நடக்கும் தவறு இது. அந்த ஒரு பேட்டரி மட்டும் கூடுதலாகச் செலவாகும், ஆனால் இயந்திரத்தோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரோ இரண்டையும் ஒன்றாகப் பாவித்தே சார்ஜ் ஏற்றும். எனவே ஒன்று என்றும் அரைகுறைச் சார்ஜில் கிடந்து வீணாகும், மற்றொன்று மிகையாகச் சார்ஜ் ஏறி நீர் வற்றும். இயந்திரத்தைக் கிளப்பும்போது அந்த அரைகுறைப் பேட்டரியின் வோல்ட் சட்டென விழுவதால்தான் சாதனங்கள் அணைகின்றன. நன்றாக இருப்பதாக நீங்கள் நினைக்கும் பேட்டரியின் மூடியையும் திறந்து நீர்மட்டத்தைப் பாருங்கள். 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்தி, சாதனங்களுக்கு அதிலிருந்து மின்சாரம் கொடுங்கள். பேட்டரியை மாற்றுவதானால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பில்ஜ் பம்புக்கு மட்டும் மெயின் சுவிட்சுக்கு முன்பிருந்தே தனி வயர் எடுத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள். அப்போதுதான் படகு துறையில் ஆளில்லாமல் கிடக்கும் இரவிலும் பம்ப் வேலை செய்யும். வலை நூல் சிக்கிப் பம்ப் இறுகிக்கொண்டால் ஃபியூஸ் போகும். அதற்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றி வைத்தால் வயரே தீப்பற்றும். இந்தப் பழுதுகள் தீரும்வரை கைப்பம்ப் இல்லாமல் கடலுக்குச் செல்லாதீர்கள்.

கேள்வி: தளம் கழுவும் பம்ப் முதல் வாரம் நன்றாக நீர் அடித்தது. இப்போது ஓடுகிறது, ஆனால் இழுக்கவே இல்லை. என்ன காரணம்?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: உள்ளே ரப்பர் இதழ்கள் கொண்ட பம்பாக இருந்தால், கடல்நீர் வால்வைத் திறக்காமலேயே யாரோ அதை ஓட்டியிருக்க வேண்டும். நீர்தான் அந்த இதழ்களுக்கு மசகு. நீரின்றி ஓடினால் சிறிது நேரத்திலேயே சூடேறிக் கிழிந்துவிடும். மூடியைக் கழற்றி இதழ்களை எண்ணிப் பாருங்கள். இதழ் ஒன்று குறைந்தாலும் அதன் உடைந்த துண்டைக் குழாயில் தேடி எடுத்துவிடுங்கள். இயந்திரத்தைக் குளிர்விக்கும் பம்பும் இதே வகையாக இருப்பதுண்டு. அதில் உடைந்த துண்டு குளிர்விப்பானை அடைத்தால் இயந்திரமே சூடேறிவிடும்.

கேள்வி: மாலையில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, அனைத்தையும் அணைத்துவிட்டுப் போனாலும் காலையில் 12.1தான் காட்டுகிறது.
— வாசகர், கன்னியாகுமரி

பதில்: முழுச் சார்ஜிலிருந்து ஏறக்குறையப் பாதி அளவுக்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். எதிர் முனை வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் ஆம்பியர் நிலையில் மீட்டரை இணையுங்கள். மின்னோட்டம் தெரிந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது அளவு விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. நீர் ஏறும்போது தானும் மேலெழுந்து பில்ஜ் பம்பை ஓடவைக்கும் மிதவைச் சுவிட்ச், அழுக்கு சிக்கி மேலேயே நின்றுவிட்டதா என்றும் சந்தேகியுங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது இயந்திரத்தைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரை மட்டும் இயக்கிவிடாதீர்கள், மீட்டர் பழுதாகிவிடும்.