வேலூர் 1806-ஐ வைத்து ஓர் ஆசிரியர் பயிற்சி

கேள்வி: பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் ஆசிரியர்களுக்குப் புதுமையான கற்பித்தல் பற்றி ஒருநாள் பயிற்சி தர வேண்டும். போன முறை பிபிடி போட்டேன். மதியத்துக்கு மேல் பாதிப் பேர் போனில் மூழ்கிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நாடகம், விவாதம், குழுப்பணி என்ற பட்டியல் அவர்களுக்கு பி.எட். காலத்திலேயே அத்துப்படி. அதை எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் நுழைப்பது என்பதில்தான் தடுமாற்றம். அதனால் ஒரே ஒரு பாடத்தை எடுத்து, அவர்களையே மாணவர்களாக உட்கார வையுங்கள்.

1806-இல் வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து அதன் இந்தியச் சிப்பாய்களே கிளர்ந்தெழுந்த வேலூர்ப் புரட்சி இதற்குத் தோதானது. நான்கு துண்டுச் சீட்டுகள் போதும். ஒன்று: சமயக் குறிகளுக்கும் தாடிக்கும் தடை, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை. இரண்டு: 1806 மே மாதம் அதை அணிய மறுத்த சிப்பாய்களுக்குக் கசையடி. மூன்று: மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் பிள்ளைகள் அதே கோட்டையில் காவலில், ஜூலை 10 அன்று கோட்டையில் ஏறியது மைசூர்க் கொடி. நான்கு: கம்பெனியின் சென்னைப் படைத் தளபதி கிரடாக்கும் சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள், திப்பு குடும்பம் கல்கத்தாவுக்கு.

இப்போது கேளுங்கள்: புரட்சிக்குக் காரணம் தலைப்பாகையா, திப்புவா? தலைப்பாகை என்று சொல்லும் குழுவிடம், “அப்புறம் கொடி எதற்கு?” என்று கேளுங்கள். திப்பு என்றவர்களிடம், “மே மாதமே ஏன் மறுத்தார்கள்?” சத்தம் கூடும், கூடட்டும். கடைசியாக ஒன்று: “இளவரசர்கள்தான் தூண்டினார்கள் என்று முடிவானால் யார் தலை தப்பும்?” உடை உத்தரவுக்கு ஒப்புதல் தந்த கிரடாக்கிடம் அவர்களே வந்து நிற்பார்கள்.

“போர்ஷன் எப்போ சார் முடிக்கிறது?” என்று ஒரு குரல் நிச்சயம் வரும். நியாயமான கேள்விதான். புரட்சிக்கான காரணங்களை அங்கேயே எழுதச் சொல்லுங்கள். இருபது நிமிட விவாதத்தில் ஐந்து மதிப்பெண் விடை தயாராகியிருப்பது தெரியும்.

மதியம் நீங்கள் பேசவே வேண்டாம். இருவர் இருவராக வேறொரு பாடத்துக்குச் சீட்டு தயாரித்துப் பத்து நிமிடம் நடத்தட்டும். புத்தகத்தின் ஒரே வரியில் பதில் கிடைக்கும் கேள்வியாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். வேடம் கட்டி வசனம் ஒப்பிப்பதைச் சிலர் கொண்டுவருவார்கள். அதுவும் மனப்பாடம்தான், உடை மட்டும் புதுசு.

பின்னூட்டப் படிவத்தை நம்பாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தம் மாணவர்கள் மூவரின் நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்: ஒன்று நன்றாகப் படிக்கும் பிள்ளையுடையது, மற்ற இரண்டும் கடைசி பெஞ்சிலிருந்து.